கண் சிமிட்டக் கூடாத வேலை

9 ஆகஸ்ட் 2020, ஞாயிறு

முழு ஊரடங்கு. சாலிகிராமமே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

டைரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. "நாள் முழுக்க அந்த ஃபோனையே உத்துப் பாத்துட்டிருக்கியே புஷ்கலா, வேற ஏதாச்சும் பண்ணேன்" என்று இவர்தான் தன்னுடைய பழைய மின்வாரிய டைரி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். சொல்கிற மகானுபாவர் காலையிலிருந்து நாலு வாட்ஸ்அப் குரூப்பில் கொரோனாவுக்குக் கஷாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரிடையர் ஆன பிறகு குமரகுரு என்கிற என் வீட்டுக்காரருக்கு இதுதான் உத்தியோகம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆளுக்கொரு ஃபோன்.

எழுதுவதற்கு விஷயமா இல்லை? 'பொன்மாடத்து மருமகள்' சீரியலில் மாமியார் தெய்வநாயகி நான்தான். பிளாட்டில் எதிர்வீட்டம்மா இன்னும் என்னைப் பார்த்தால் "அந்தப் பொண்ணை ஏன் இப்படிப் படுத்துறீங்க" என்று சண்டைக்கு வருகிறாள். அதைவிட எனக்குப் பெரிய பெருமை ஒன்று உண்டு. கிளிசரின் போடாமல் அழுகிற நடிகை என்று இந்த ஃபீல்டில் எனக்குப் பெயர். "மனசுலேர்ந்து வருதும்மா உங்களுக்கு" என்பார்கள். மனசாவது மண்ணாவது! லைட்டைப் பார்த்துக்கொண்டு சிமிட்டாமல் இருப்பேன். பத்து எண்ணுவதற்குள் வலது கண்ணில் ஒரு சொட்டு திரண்டு, வசனம் முடிகிற இடத்தில் கன்னத்தில் இறங்கும். முப்பது வருஷமாக ஒரே டேக். வசனமும் மறந்தது கிடையாது. இந்த ரகசியம் இந்த டைரிக்கும் எனக்கும் மட்டும்.

இந்த எழுத்தெல்லாம் ஏன் இப்படிக் கலங்கித் தெரிகிறது? மின்வாரியக் காகிதம் மட்டமாக இருக்க வேண்டும்.

12 ஆகஸ்ட்

ஷூட்டிங். வாசலில் நெற்றியில் துப்பாக்கி வைத்து ஜுரம் பார்க்கிறார்கள். உள்ளே போனால் மாஸ்க். ஷாட்டுக்குக் கழற்றி, கட் சொன்னதும் மாட்டி, மறுபடி கழற்றி. மாஸ்க்குக்குள் விடுகிற மூச்செல்லாம் மேலே ஏறிக் கண்ணுக்குள்ளேயே போகிறது. மேலே ஏசி, எதிரே லைட்.

கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். மேக்கப் ராயப்பன் என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கண்ணு செவசெவன்னு இருக்கே. கேட்ல எவனும் பாக்கலையே?"

"ஏன்டா?"

"கண்ணு செவந்தாலும் கொரோனான்னு சொல்றாங்கக்கா. போன வாரம் பக்கத்து ஃப்ளோர்ல ஒருத்தருக்குக் கண்ணு செவந்துச்சு, மொத்த யூனிட்டையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பி எடுத்து இரண்டு சொட்டு விட்டான். கண்ணை வெள்ளையாக்குகிற மருந்தாம். மேக்கப்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் கண் முத்து மாதிரி ஆகிவிட்டது. ராயப்பா, நீ நல்லா இருப்பே.

14 ஆகஸ்ட்

என் மருமகளைப் பற்றி எழுத வேண்டும். சீரியல் மருமகள். சுப்ரதா என்று மைசூரிலிருந்து வந்த பெண். முகம் என்னவோ லட்சணம்தான். தமிழ் மட்டும் வாயில் நிற்காது. அதற்கென்று டப்பிங்குக்கு வேறு ஆள் இருக்கிறார். செட்டில் உதவி டைரக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பான், அவள் வாயசைத்தால் போதும்.

இன்று அதுகூட முடியவில்லை. எங்கள் சீரியலில் யாராவது ஒரு அதிர்ச்சியான வார்த்தை சொன்னால் கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் போகும். போன முகம் சிமிட்டக் கூடாது. சிமிட்டினால் அதிர்ச்சி இறங்கிவிடும் என்பது டைரக்டர் அறவாழியின் கொள்கை. நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்கிறேன், எரிகிறது, இனி தாங்காது என்கிற நேரத்தில் அந்தப் பெண் "சாரி சார், டயலாக் மறந்து போச்சு" என்கிறாள். எடுத்துக் கொடுத்த வரியை எப்படியம்மா மறப்பாய்?

அவள் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மட்டுக்கும் லாபம்.

17 ஆகஸ்ட்

ராயப்பனின் சொட்டு முன்பு அரைநாள் தாங்கியது. இப்போது இரண்டு மணி நேரம்தான். பிறகு முன்னைவிடச் சிவக்கிறது. இன்று நாலு தடவை விட்டுக்கொண்டேன்.

19 ஆகஸ்ட்

வளைகாப்பு சீன். தெய்வநாயகி சிரித்தபடி மருமகளுக்கு வளையல் போட வேண்டும். போடுகிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. நான் அழவில்லை. சத்தியமாக அழவில்லை. குழாய் வாஷர் போன மாதிரி அதுவாகவே ஊற்றுகிறது.

அறவாழி மானிட்டரை விட்டு எழுந்து ஓடி வந்தான். "அம்மா! ஸ்கிரிப்ட்ல இல்லாத ஆனந்தக் கண்ணீர்! எங்கேயோ போயிட்டீங்கம்மா!"

நானும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டிவைத்தேன்.

மத்தியானம் அதே மருமகளை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லி உறும வேண்டிய சீன். அப்போதும் ஊற்றுகிறது. உறுமிக்கொண்டே அழுகிற மாமியாரை எவன் பார்ப்பான்? ஏழு டேக். எனக்கு ஏழு டேக்!

22 ஆகஸ்ட்

பிள்ளையார் சதுர்த்தி. கடைத்தெருக் களிமண் பிள்ளையார் கிடைக்கவில்லை, வீட்டுப் பிள்ளையாரையே குளிப்பாட்டி உட்கார வைத்தேன். கொழுக்கட்டை வேகிற பானையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அப்பாடா! கண்ணுக்கு அவ்வளவு இதம். மூடியைப் போட மனசில்லாமல் அங்கேயே நின்றேன்.

"என்ன, கொரோனாவுக்கு ஆவி பிடிக்கிறியா? மஞ்சத்தூள் போடு" என்றார் இவர்.

"ஆமா, கொழுக்கட்டைக்கும் கொரோனா வராம இருக்கட்டும்."

சிரித்தார். அவரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் சிரித்தார்.

26 ஆகஸ்ட்

இந்த சுப்ரதாவுக்கு அலட்டல் கூடிவிட்டது. என்னோடு சேர்ந்து நிற்கிற சீனில் மட்டும் "சார், லைட் கண்ல அடிக்குது, கொஞ்சம் திருப்புங்க" என்கிறாள். அந்த லைட் அவளுக்கு எதிரிலேயே இல்லை, எனக்கு நேரே இருக்கிறது. ஒருவேளை மைசூர்க் கண்ணுக்குப் பக்கவாட்டில் வருகிற வெளிச்சமும் ஆகாதோ என்னவோ. திருப்பிவிட்டார்கள். எனக்கும் சௌகரியமாகப் போயிற்று. பிறகு வழக்கம்போல் மூன்று தடவை வசனம் மறந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன்காரரிடம் "அண்ணே, ரசம் இன்னிக்கு சூப்பர், நேத்து மாதிரி உப்பு தூக்கலா இல்ல" என்று சுத்தமாகத் தமிழ் பேசுகிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் தமிழ் வருகிறது.

31 ஆகஸ்ட்

இன்றைக்கு நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

மகன் இறந்துவிட்டான் என்ற செய்தி கேட்டு தெய்வநாயகி இடிந்து போகிற சீன். என் சீன். லைட்டைப் பார்த்தேன், சிமிட்டாமல் எண்ண ஆரம்பித்தேன். நாலு வருவதற்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒரு எரிச்சல், கண் தானாக மூடிக்கொண்டது. மறுபடி. மறுபடி. கடைசியில் ராயப்பன் தயங்கித் தயங்கி கிளிசரின் பாட்டிலோடு வந்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவை. போட்டதும் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. "ஐயோ" என்று கத்திவிட்டேன். அறவாழி சீனை நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

கிளம்பும்போது ராயப்பன் காதில் போட்டான். "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. பத்மலோசனி மேடம் இப்ப ஃப்ரீயான்னு மேனேஜர் யாருக்கோ ஃபோன்ல கேட்டுட்டு இருந்தாரு."

எனக்கு அர்த்தம் தெரியும். ஒருநாள் எட்டு மணிக்கு, திரையின் அடியில் ஒரு வரி ஓடும். 'இனி இவருக்குப் பதில் இவர்.' என் புடவையை, என் சாவிக்கொத்தை, என் மருமகளை எடுத்துக்கொண்டு பத்மலோசனி வந்து நிற்பாள். ஐம்பத்து நாலு வயசில் இதை விட்டால் எனக்கு வேறு யார் வேஷம் கொடுப்பார்கள்? வேலை இல்லாவிட்டால் நான் யார்? இந்த ஹாலில் இரண்டாவது ஃபோன்.

இவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். போகிற இடத்தில் கொரோனா ஒட்டிக்கொண்டால்? போனது தெரிந்து யூனிட்டை மூடிவிட்டால்?

4 செப்டம்பர்

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. காலியாகப் போகிறது. நானும் நன்றாக இருக்கிறேன்.

9 செப்டம்பர்

செட்டுக்குப் போனதும் அறவாழி, "அம்மா, ஒரு ஸ்டில் எடுக்கணும். தனியா. லேசா சிரிச்ச மாதிரி" என்றான்.

"எதுக்குத் தம்பி?"

"சும்மா, கதைக்குத் தேவைப்படுதும்மா" என்று வேறு பக்கம் பார்த்தான்.

இதன் அர்த்தம் வெளியாளுக்குப் புரியாது. சீரியல்காரர்களுக்குப் புரியும். வயசான கேரக்டரைத் தனியாக நிறுத்தி, லேசாகச் சிரிக்கச் சொல்லி, மார்பளவுக்கு ஒரு படம் எடுத்தால் அது எதற்கு? மாலை போட்டு ஹாலில் மாட்டுவதற்கு. பத்மலோசனிகூட இல்லை. நேரே மேலே அனுப்புகிறார்கள்.

சிரித்தேன். நல்ல படமாகவே வரட்டும், சுவரில் அழுதுவடிந்துகொண்டு தொங்க வேண்டாம் என்று வாய் நிறையச் சிரித்தேன். ஸ்டில் எடுத்த பையன் "சூப்பர் மேடம்" என்றான். எனக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த சுப்ரதாவும் சிரித்தாள். மாமியார் சாவதில் அவ்வளவு சந்தோஷம்!

10 செப்டம்பர்

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண், சொட்டு மருந்து, கிளிசரின், படம்.

"செத்தா என்னடி, சீரியல்லதானே" என்றார் முதலில். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி போட்டுக்கொண்டு வந்தார். காபியில் சர்க்கரை போட மறந்திருந்தார். நானும் சொல்லவில்லை. நல்ல மனுஷர். அவரும் நானும் ஒரே வீட்டில் ஐந்து மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் இன்றைக்குத்தான் நேராகப் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

கண்ணில் தண்ணீர். எரிச்சலால்தான்.

11 செப்டம்பர்

துரத்துவதற்கு முன்னால் நாமே கிளம்பிவிட வேண்டும் என்று போனேன். மேக்கப் ரூமில் என் கண்ணாடி, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் பையில் போட்டேன். ஆகி வந்த பவுடர் டப்பாவை ராயப்பனிடம் நீட்டி, "நீயே வெச்சுக்கடா, ஞாபகமா" என்றேன். அவன் பதறி ஓடிப்போய் அறவாழியைக் கூட்டி வந்துவிட்டான்.

"என்னம்மா இது?"

"மாலை எப்பத் தம்பி? நல்ல ரோஜா மாலையா வாங்கு. பிளாஸ்டிக் வேணாம்."

அறவாழி திருதிருவென்று விழித்தான். பிறகு புரிந்தது போலிருக்கிறது, தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் ஒரு காகிதத்தோடு வந்தான். போஸ்டர். என் படம். மேலே கொட்டை எழுத்தில் 'காணவில்லை'. கீழே, 'பெயர்: தெய்வநாயகி. வயது: 60.'

"நீங்க சாகலைம்மா. காணாமப் போறீங்க. மகன் செத்த அதிர்ச்சியில வீட்டை விட்டுப் போயிடறீங்க. மூணு வாரம் மருமக தெருத் தெருவா தேடுறா. நீங்க போய்க் கண்ணைக் காட்டிட்டு, ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

"என் கண்ணைப் பத்தி உனக்கு யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும்மா. சேனல்ல ஆளை மாத்துங்கன்னுதான் சொன்னாங்க. சுப்ரதாதான் வந்து நின்னாங்க. 'அவங்க இல்லன்னா எனக்கு வேற மாமியார் வேணாம் சார், அவங்களுக்கும் சேத்து நான் அழறேன்'னாங்க. தேடுற ஐடியாவும் அவங்களோடதுதான்."

ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"அறுபதுன்னு போட்டிருக்கே? எனக்கு அறுபதா தெரியுதா?"

14 செப்டம்பர்

பக்கத்து ஏரியாக் கண் ஆஸ்பத்திரி. இடைவெளி விட்டு நாற்காலி போட்டிருந்தார்கள், அப்படியும் இடம் இல்லை. ஆன்லைன் வகுப்பில் பாடம் நடத்துகிற டீச்சர், படிக்கிற அவர் பிள்ளை, மடிக்கணினியோடே வந்திருந்த ஐ.டி. பையன், மாஸ்க் நனைந்துபோன நர்ஸ் ஒருத்தி. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு மட்டும் வந்த சாபம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

டாக்டர் மெஹருன்னிஸா என்று ஒரு அம்மாள். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். எடுத்துக் காட்டினார். நுனி மட்டும் நனைந்திருந்தது. தமிழ்நாட்டையே அழ வைத்தவளால் ஒரு துண்டுக் காகிதத்தை நனைக்க முடியவில்லை!

"கண்ணு காஞ்சு போயிருக்கும்மா. ட்ரை ஐ."

"காஞ்சா எப்படி டாக்டர் இவ்வளவு தண்ணி கொட்டுது?"

"காஞ்சதாலதான் கொட்டுது. எரியுதேன்னு கண்ணு அவசரமா ஊத்துற தண்ணி அது. அது கண்ணுல நிக்காது. நிக்கிற ஈரம்தான் உங்ககிட்ட இல்ல. லாக்டவுனுக்கு அப்புறம் தினம் இதே கேஸ்தான் பாக்கறேன். ஃபோனு, கம்ப்யூட்டர், மாஸ்க் காத்து. ஸ்கிரீனைப் பாக்கும்போது நாம சிமிட்டவே மறந்துடறோம். நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"சிமிட்டாம இருக்கறதுதான் டாக்டர் என் வேலை."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ராயப்பனின் சொட்டை உடனே நிறுத்தச் சொன்னார், அதுதான் பாதிக் கெடுதலாம். கண்ணீர் மாதிரியே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். வெந்நீர்த் துணி ஒத்தடம். மாஸ்க்கின் மேல் ஓரத்தில் டேப் ஒட்ட வேண்டும். நிறையச் சிமிட்ட வேண்டும்.

"இவ்வளவு லைட்ல, இவ்வளவு நாள் அந்த மருந்தைப் போட்டும் கருவிழியில புண்ணு வரல. நடுநடுவுல கண்ணை மூடி ரெஸ்ட் குடுத்திருக்கீங்க போல. யார் சொல்லிக் குடுத்தது?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. நான் எப்போது கண்ணை மூடினேன்? அவள் வசனம் மறந்தபோது. எப்போது மறந்தாள்? எனக்கு எரிந்தபோது. என்னோடு நிற்கிற சீனில் மட்டும். எடுத்துக் கொடுத்த வரியை. எனக்கு நேரே இருந்த லைட்டை.

ஆட்டோக்காரர் "என்னம்மா, வீடு வந்துடுச்சு" என்று இரண்டு தடவை சொன்னாராம். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், யாரோ ஒரு மாதம் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறார்கள், நான் மழை பெய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பெற்ற மகராசி மைசூரில் எங்கே இருக்கிறாளோ, நன்றாக இருக்கட்டும்.

22 செப்டம்பர்

காலையும் மாலையும் ஒத்தடம். இவருக்கும் சேர்த்துத் துணி நனைக்கிறேன். இரண்டு பேரும் சோபாவில் தலையைச் சாய்த்து, கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு கிடக்கிறோம். ஃபோன் இரண்டும் உள்ளே சார்ஜில். கண்ணை மூடிக்கொண்டால் இவர் நன்றாகப் பேசுகிறார். கல்யாணமான புதிதில் பேசியது மாதிரி.

3 அக்டோபர்

எட்டு மணிக்கு டிவி முன்னால் நிற்காமல் இருக்க முடியவில்லை. தள்ளி உட்கார்ந்து, சிமிட்டிச் சிமிட்டிப் பார்க்கிறேன். சுப்ரதா என் போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைகிறாள். கடைக்காரர், பூக்காரி எல்லோரிடமும் "எங்க அத்தையைப் பாத்தீங்களா" என்று அழுகிறாள். எதிர்வீட்டம்மா கதவைத் தட்டி, "இந்தப் பொண்ணைப் போயா படுத்துனீங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குளோஸ்-அப்பில் அவள் கண்ணைப் பார்த்தேன். எவ்வளவு மேக்கப் போட்டாலும் எனக்குத் தெரியும். வெள்ளை விழியில் சிவப்பு இழை. இமை துடிக்கிறது. அவளுக்கும் அதேதான். முன்பே இருந்திருக்கிறது. அதனால்தான் என்னுடையது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

5 அக்டோபர்

மூன்று வாரம் முடிந்ததே, எப்போது வரட்டும் என்று அறவாழிக்கு ஃபோன் போட்டேன்.

"அம்மா, நீங்க காணாமப் போனதுல டி.ஆர்.பி. எகிறிடுச்சு! இன்னும் கொஞ்ச நாள் காணாமலே இருங்களேன்."

"டேய், அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்தியா? தினம் அழ விட்டா அவிஞ்சு போகும்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையேம்மா."

நான் மட்டும் சொன்னேனா?

நேரில் டாக்டர் மெஹருன்னிஸாவைப் பார்த்து, சுப்ரதாவை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராயப்பனுக்கு ஃபோனில் நல்ல டோஸ் விட்டேன். அந்த வெள்ளையாக்குகிற சொட்டைக் குப்பையில் போட்டு, போட்டதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான்.

9 அக்டோபர்

சுப்ரதா டாக்டரிடம் போய் வந்தாளாம். "அதே மருந்துதான் அம்மா, தேங்க்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. தமிழில்தான் அனுப்பியிருந்தாள். ஒரு பிழை இல்லை.

22 அக்டோபர்

கண்டுபிடிக்கப்படப் போகிறேன். செட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேண்டுமென்றே நடு ஃப்ளோரில் நாற்காலியைப் போட்டு, தலையை அண்ணாந்து, எல்லோரும் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். "எனக்குக் கண்ணு காஞ்சு போச்சுப்பா. கொரோனா இல்ல, ஒட்டாது. டாக்டர் சீட்டு இருக்கு. யாருக்கு வேணும்னாலும் காட்டறேன்" என்று உரக்கச் சொன்னேன்.

கேமராமேன் பரசுராமன்தான் முதலில் சட்டைப்பையில் கையை விட்டார். ஒரு குப்பி. "நானும்தாம்மா. கேமராமேனுக்குக் கண்ணு கோளாறுன்னா யாரு கூப்பிடுவா? அதான் பாத்ரூம்ல போய் விட்டுப்பேன்." அடுத்து உதவி டைரக்டர். அடுத்து, காலையில் மடிக்கணினியில் எழுதி மாலைக்குள் சீன் அனுப்புகிற எழுத்தாளர். கடைசியில் அறவாழி, அசடு வழிந்துகொண்டு, மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தான்.

"அடப்பாவி! நீயாடா என்னைச் சிமிட்டாதேன்னு சொன்னே?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. ஆளுக்கு ஒரு மூலையில் ஒளிந்து அழுதிருக்கிறோம், மாதக்கணக்காக.

சுப்ரதாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏம்மா, அந்த டயலாக் மறந்ததெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ, அது அப்பப்ப மறந்து போகும்மா. என் தமிழ் வீக்" என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டாள்.

நன்றி சொல்லக் கூட விட மாட்டேன் என்கிறாள். பிடிவாதக்காரி.

24 அக்டோபர்

நாளைக்கு ஞாயிறு என்பதால் செட்டில் இன்றே ஆயுத பூஜை. கேமரா, லைட், மைக் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கேமராவுக்கு அடியில் யாரோ எங்கள் சொட்டு மருந்துக் குப்பிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு இட்டிருந்தார்கள். ராயப்பனின் வேலை. கற்பூரம் காட்டும்போது நான் கும்பிட்டது அந்தக் குப்பிகளைத்தான்.

27 அக்டோபர்

இன்று சந்திப்பு சீன். பழனி மடத்து வாசலில் பிச்சைக்காரர்களோடு உட்கார்ந்திருக்கிற மாமியாரை மருமகள் பார்க்கிறாள். ஒன்றரை மாதமாகத் தமிழ்நாடு காத்திருக்கிற சீன், ஒரே நீள ஷாட், சுப்ரதாவின் முகத்தில் கேமரா, சிமிட்டாமல் இருக்க வேண்டும் என்று சேனலிலிருந்தே உத்தரவு. அறவாழிக்கும் வேறு வழியில்லை. எனக்குக் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்க வசனம்.

ஆரம்பித்தேன். "நீ எதுக்குடி என்னைத் தேடி வந்தே? நான் உனக்கு என்ன செஞ்சேன்?" அவள் பார்க்கிறாள். லைட் நேரே அவள் கண்ணில். மூன்றாவது வரியில் இமை ஓரம் துடிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது வரியில் கண் சிவந்தது. அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது.

நிறுத்தினேன்.

"வசனம் மறந்துடுச்சு தம்பி."

ராயப்பன் கையிலிருந்த பவுடர் பஃப்பைக் கீழே போட்டான். முப்பது வருஷத்தில் என் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை. அறவாழி ஓடி வந்தான். "என்னம்மா ஆச்சு? உடம்பு ஏதாச்சும்...?"

"வயசாயிடுச்சுல்லப்பா. நீதான் போஸ்டர்ல அறுபதுன்னு போட்டுட்டியே. கொஞ்சம் இரு, படிச்சுக்கறேன்."

காகிதத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்குள் சுப்ரதா கண்ணை மூடி, சொட்டு விட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது டேக்கில் எட்டாவது வரியில் மறந்தேன். "அந்த லைட்டு என் கண்ல அடிக்குது, திருப்புங்க" என்றும் சொன்னேன். அது என் பக்கமே இல்லை. பரசுராமன் உடனே திருப்பினார்.

மூன்றாவது தடவை மறந்தபோது, மூடிய கண்ணைத் திறக்காமலே அந்தப் பெண் சிரித்தாள். உதட்டோரத்தில் மட்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாலாவது டேக்கில் முழுவதும் சொன்னேன். கடைசி வரியில் அவள் சிமிட்டினாள். நானும் சிமிட்டினேன். இரண்டு பேர் கண்ணிலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கியது. லைட்டைப் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. அறவாழி கட் சொல்ல மறந்துவிட்டான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒத்தடத் துணியை நனைத்துத் தயாராக வைத்திருந்தார். "என்ன, ஒரே டேக்தானே?" என்றார்.

"இல்லைங்க. நாலு. வசனம் மறந்து போச்சு."

நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். உண்மையாகவே மறந்துவிட்டது என்றுதான் இந்த டைரியிலும் எழுதி வைக்கிறேன்.